அரசாங்கத் தகவல் இலவசம்: அதை வைத்து நிலைக்கும் தொழில் செய்ய முடியுமா?

மூன்று வருடங்களுக்கு முன்னர் ஒரு செவ்வாய்க்கிழமை இரவு, பூனாகலையிலிருந்து ஒரு லொறி போஞ்சியும் கோவாவும் தம்புள்ளைக்கு அனுப்பினேன். அதற்கு முந்திய வாரம் நல்ல விலை. அந்த விலையை மனதில் வைத்துக்கொண்டுதான் தோட்டத்து மக்களிடமும் சுற்றுவட்டாரச் சிறு விவசாயிகளிடமும் மரக்கறி சேர்த்திருந்தேன். விடியற்காலையில் சாரதி தொலைபேசியில் சொன்ன விலையைக் கேட்டபோது எனக்குப் பேச்சே வரவில்லை. வாங்கிய பணம் தேறவில்லை. லொறிக் கூலியும் கையிலிருந்துதான் போனது.

இரண்டு நாள் கழித்து என் ராத்தாவின் மகன் கடைக்கு வந்தான். கணினி படித்த பையன். கதையைக் கேட்டுவிட்டுக் கைத்தொலைபேசியை எடுத்து, "மாமா, திங்கட்கிழமையே விலை இறங்கத் தொடங்கிவிட்டதே. மத்திய வங்கியின் இணையத்தளத்தில் அன்றன்றைய விலை இருக்கிறது. யாரும் பார்க்கலாம், காசு கட்டத் தேவையில்லை" என்றான்.

காட்டினான். தம்புள்ளை மொத்த விலை, புறக்கோட்டை விலை, நாரஹேன்பிட்ட சில்லறை விலை என்று வரிசையாக இருந்தன. ஆனால் நான் பார்த்த அந்தத் தாள் ஆங்கிலத்தில் இருந்தது. பாடசாலையோடு படிப்பை நிறுத்தி, வாப்பாவின் கடையில் தராசு பிடித்தவன் நான். முப்பது வருடங்களுக்கு மேலாக வியாபாரம் செய்கிறேன். எனக்கு வேண்டிய தகவல் எல்லோருக்கும் திறந்து கிடந்தது. அது என் கையில் வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

அந்த நட்டம்தான் இந்த வாரக் கட்டுரைக்குக் காரணம். அரசாங்கம் இலவசமாக வெளியிடும் தகவல்களை மக்களுக்குப் பயன்படும் விதத்தில் கொடுத்து, அதையே நிலைத்து நிற்கும் ஒரு தொழிலாகச் செய்ய முடியுமா என்று பல வாசகர்கள், விசேடமாகப் படித்த பிள்ளைகளை வைத்திருக்கும் வர்த்தகர்கள், கேட்கிறார்கள். முடியும் என்பதே என் பதில். ஆனால் பலர் நினைக்கும் வழியில் அல்ல.

திறந்த தரவு என்றால் என்ன?

அரசாங்கத்தின் ஒவ்வொரு திணைக்களமும் தன் வேலைக்காகத் தகவல் சேர்க்கிறது. மழை எத்தனை மில்லிமீற்றர் பெய்தது, ஆற்றில் நீர்மட்டம் எவ்வளவு, சந்தையில் தக்காளி என்ன விலை, எந்த ரயில் எத்தனை மணிக்கு, எந்தப் பிரதேசத்தில் எத்தனை குடும்பங்கள் என்று. மக்களின் வரிப்பணத்தில் சேர்த்த இந்தத் தகவலை, யாரும் எடுத்து எதற்கும் பயன்படுத்தலாம் என்று வெளியிட்டால் அதுவே திறந்த தரவு. அமெரிக்கா இதற்கென்று 2009 இல் ஒரு தேசிய இணையத்தளத்தைத் தொடங்கியது. பின்னர் பல நாடுகள் அதைப் பின்பற்றின. இலங்கை அரசுக்கும் அப்படியொரு தளம் உண்டு.

ஆனால் நமக்கு உதவும் தகவல்கள் பெரும்பாலும் தனித்தனித் திணைக்களங்களிடமே இருக்கின்றன. ஹெக்டர் கொப்பேகடுவ கமநல ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவகம் உணவுப் பொருட்களின் விலைகளைத் தொகுத்து வெளியிடுகிறது. மத்திய வங்கியின் நாளாந்த விலை அறிக்கையைச் சொல்லிவிட்டேன். ஏற்றுமதி விவசாயத் திணைக்களம் மிளகு, கிராம்பு போன்றவற்றின் விலைகளைத் தருகிறது. வளிமண்டலவியல் திணைக்களம் மழையைச் சொல்கிறது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுக்கிறது.

இப்படிப்பட்ட தகவலை எடுத்து, பொதுமக்களின் அன்றாடத் தேவைக்கு ஏற்ப ஒரு கைத்தொலைபேசிச் செயலியாகவோ எஸ்.எம்.எஸ். சேவையாகவோ செய்து கொடுப்பதைத்தான் பொதுநலச் செயலி என்கிறார்கள்.

செயலிகள் ஏன் சாகின்றன?

என் மருமகன் அன்று சும்மா இருக்கவில்லை. இரவு பகலாக உட்கார்ந்து ஒரு விலைச் செயலி செய்தான். பார்க்க அழகாக இருந்தது. ஒரு போட்டிக்கு அனுப்பிப் பாராட்டும் வாங்கினான். முதல் மாதம் அவனுடைய நண்பர்கள் எல்லோரும் தொலைபேசியில் ஏற்றிக்கொண்டார்கள். அடுத்து அவன் பரீட்சை வந்தது. பின்னர் ஒரு இணையத்தளம் தன் பக்கத்தின் அமைப்பை மாற்றியது; செயலியில் விலை வருவது நின்றுவிட்டது. அதைத் திருத்த அவனுக்கு நேரமில்லை, சேவர் வாடகைக்குப் பணமுமில்லை. ஆறாம் மாதம் செயலி செத்துவிட்டது.

"ஆட்கள் பாராட்டினார்கள் மாமா, ஆனால் யாரும் பாவிக்கவில்லை" என்றான்.

"பாராட்டுகிறவன் வாடிக்கையாளன் இல்லை, மகன். காசு கொடுக்கிறவன்தான் வாடிக்கையாளன்" என்றேன்.

இது அவன் ஒருவனுக்கு நேர்ந்ததல்ல. அமெரிக்கத் தலைநகர் வொஷிங்டனில் 2008 இல் ஒரு போட்டி வைத்தார்கள். நகர நிர்வாகத்தின் தரவுகளைக் கொண்டு செயலி செய்யவேண்டும். ஐம்பதாயிரம் டொலர் செலவில், முப்பது நாட்களில் 47 செயலிகள் வந்து சேர்ந்தன. அவற்றின் பெறுமதி 23 இலட்சம் டொலர் என்று நிர்வாகம் பெருமையாகச் சொன்னது. உலகெங்கும் நகரங்கள் இதைப் பார்த்துப் போட்டி வைக்கத் தொடங்கின. ஆனால் அந்தச் செயலிகளில் பெரும்பாலானவை நிலைக்கவில்லை. அடுத்து வந்த அதிகாரி அந்தப் போட்டியையே தொடராமல் விட்டார். பரிசு வாங்கத் தெரிந்த அளவுக்கு, மக்களுக்கு நாள்தோறும் என்ன வேண்டும் என்று போட்டியாளர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

இன்னொரு கதை சிக்காகோவில். 2005 இல் ஒரு பத்திரிகைக் கணினியாளர், பொலிஸ் வெளியிடும் குற்றத் தகவல்களை வீதி வரைபடத்தில் போட்டுக் காட்டினார். பெரும் வரவேற்பு. அதிலிருந்து வளர்ந்ததுதான் எவ்ரிபுளொக் என்ற தளம். உங்கள் தெருவில் என்ன நடக்கிறது என்று அரசாங்கத் தரவுகளைக் கொண்டு சொல்லும். ஒரு அறக்கட்டளை 2007 இல் சுமார் 11 இலட்சம் டொலர் உதவி கொடுத்தது. 2009 இல் ஒரு பெரிய செய்தி நிறுவனம் அதை வாங்கியது. 2013 பெப்ரவரியில், இதில் வருமானம் இல்லை என்று ஒரே நாளில் மூடிவிட்டார்கள். வாசகர்கள் இருந்தார்கள், புகழ் இருந்தது, செலவை ஈடுசெய்யும் வருமானம் மட்டும் இல்லை. பின்னர் வேறொரு நிறுவனத்தின் கீழ் அது மீண்டும் திறக்கப்பட்டது என்பது வேறு விடயம்.

நாம் வியாபாரிகள். நமக்கு இது புதிய பாடமல்ல. ஆற்றுத் தண்ணீர் இலவசம். அதைக் குடத்தில் கொண்டுவந்து வீட்டுவாசலில் இறக்குகிறவனுக்குத்தான் கூலி. தகவலும் அப்படித்தான். அரசாங்கம் இலவசமாகக் கொடுப்பதை நாம் அப்படியே விற்க முடியாது. விற்றால் நாளைக்கே பக்கத்துக் கடைக்காரன் இலவசமாகக் கொடுப்பான். விற்கக் கூடியது, அதைக் கொண்டுவந்து சேர்க்கும் வேலையை. சரியான நேரத்தில், புரியும் மொழியில், நம்பக்கூடிய விதத்தில்.

யார் காசு கொடுப்பார்?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் ஒரு ரூபா செலவழிக்கக் கூடாது. உலகில் நடந்தவற்றைப் பார்த்தால் மூன்று வழிகள் தெரிகின்றன.

முதலாவது, பாவிப்பவரே கொடுப்பது. ரொய்ட்டர்ஸ் நிறுவனம் 2007 இல் இந்தியாவின் மகாராஷ்டிராவில் விவசாயிகளுக்கு ஒரு எஸ்.எம்.எஸ். சேவை தொடங்கியது. சந்தை விலை, மழை, பயிர் ஆலோசனை எல்லாம் விவசாயியின் மொழியில் வந்தன. மூன்று மாதம், ஆறு மாதம் என்று அட்டைகளாக விற்றார்கள். பெருந்தொகையான விவசாயிகள் வாங்கினார்கள். ஆனால் இதில் இரண்டு உண்மைகளைச் சொல்லவேண்டும். அந்தச் சேவை பெற்ற கிராமங்களையும் பெறாத கிராமங்களையும் இரண்டு பொருளியலாளர்கள் ஒப்பிட்டு, 2012 இல் வெளியிட்ட ஆய்வில், விவசாயிக்குக் கிடைத்த விலையில் சராசரியாகக் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை என்றார்கள். விலை தெரிந்தால் மட்டும் போதாது, வேறு இடத்தில் விற்க வாகனமும் வசதியும் வேண்டும் அல்லவா? அடுத்தது, 2013 இல் இந்திய அரசே எம்-கிசான் என்ற பெயரில் விவசாயிகளுக்கு இலவச எஸ்.எம்.எஸ். அனுப்பத் தொடங்கியது. அரசாங்கத் தரவை வைத்துத் தொழில் செய்பவனுக்கு அரசாங்கமே ஒருநாள் போட்டிக்காரனாக வரலாம்.

இரண்டாவது, மக்களுக்கு இலவசமாகக் கொடுத்து, நிர்வாகத்திடம் கட்டணம் வாங்குவது. அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் 2008 இல் தொடங்கிய சீகிளிக்ஃபிக்ஸ் இதற்கு நல்ல உதாரணம். வீதியில் குழி, எரியாத விளக்கு, அள்ளாத குப்பை என்று மக்கள் தொலைபேசியில் முறையிடலாம், அதற்குக் கட்டணமில்லை. அந்த முறைப்பாடுகளை ஒழுங்குபடுத்தி, யாரிடம் வேலை ஒப்படைக்கப்பட்டது, முடிந்ததா என்று பார்க்கும் வசதிக்கு நகரசபைகள் வருடக் கட்டணம் செலுத்தின. நகரசபை எழுதுவினைஞரின் வேலையை அது குறைத்தது; அதனால் காசு வந்தது. 2019 இல் உள்ளூராட்சி நிர்வாகங்களுக்கு மென்பொருள் விற்கும் பெரிய நிறுவனம் ஒன்று அதை வாங்கிக்கொண்டது. ஒரு எச்சரிக்கை: அரசாங்கத்திடம் பில் கொடுத்துவிட்டுக் காத்திருந்த அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. முதல் இல்லாதவர் இந்த வழியில் இறங்கக் கூடாது.

மூன்றாவது, தகவலை இன்னொரு வியாபாரத்துக்கு உள்ளே வைப்பது. 2006 இல் அமெரிக்காவில் தொடங்கிய ஒரு நிறுவனம், அரசாங்கம் இலவசமாகத் தரும் வானிலை, மண் தரவுகளைக் கணக்கிட்டு, விவசாயிகளுக்குக் காலநிலை இழப்பீட்டு ஒப்பந்தங்களை விற்றது. வானிலை அறிக்கையை அது விற்கவில்லை. அறிக்கையைக் கொண்டு ஒரு பாதுகாப்பை விற்றது. கிளைமேட் கோப்பரேஷன் என்ற அந்த நிறுவனத்தை 2013 இல் மொன்சாண்டோ சுமார் 93 கோடி டொலருக்கு வாங்கியது. அந்த ஒப்பந்தத்தின் மார்க்கத் தீர்ப்பை உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் சொல்ல வந்தது வியாபாரப் பாடத்தை மட்டும். மூன்று வழிகளிலும் நம்மைப் போன்ற சிறியவர்களுக்கு ஏற்றது இந்த மூன்றாவது வழிதான் என்பது என் கருத்து.

தம்புள்ளை சொல்லும் பாடம்

நம் நாட்டிலேயே ஒரு முயற்சி நடந்தது. பொருளியலாளர் ஹர்ஷ டி சில்வா முன்னின்று தொடங்கிய கொவி ஞான சேவா, தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்தில் மரக்கறி விலைகளைச் சேகரித்து அங்கேயே விவசாயிகளுக்குக் காட்டியது. 2009 இன் இறுதியில் டயலொக் நிறுவனத்துடன் சேர்ந்து ட்ரேட்நெட் என்ற பெயரில் அந்த விலைகள் கைத்தொலைபேசிக்கு வந்தன.

ஏன் இப்படி ஒன்று தேவைப்பட்டது? தம்புள்ளைக்குக் கொண்டுவரும் சிறு மரக்கறி விவசாயிகளிடம் நடத்திய ஆய்வு ஒன்றில், அவர்களுடைய மொத்தச் செலவில் சுமார் 15 சதவீதம் கொடுக்கல் வாங்கல் சார்ந்த செலவு என்றும், அதில் ஏறத்தாழ 70 சதவீதம் தகவல் தேடுவதற்கான செலவு என்றும் தெரியவந்தது. அதாவது எங்கே என்ன விலை, யாரிடம் விதை, யார் வாங்குவார் என்று அலைவதிலேயே நூறு ரூபாவில் பத்து ரூபாவுக்கு மேல் போகிறது. நம் ஊர் விவசாயி பண்டாரவளைக்கும் கெப்பட்டிபொலவுக்கும் போய்வரும் பஸ் காசைக் கணக்குப் பாருங்கள், விளங்கும்.

இந்த முயற்சியில் வியாபாரியாக நான் கவனித்தது ஒன்றுண்டு. அவர்கள் அரசாங்கத் தரவைப் பாவிக்கவில்லை. சந்தையில் ஆட்களை நிறுத்தித் தாங்களே விலை சேகரித்தார்கள். மரக்கறி விலை காலையில் ஒன்று, பகலில் ஒன்று. நேற்றைய விலை பழைய பத்திரிகை போன்றது. அரசாங்க அறிக்கை அடுத்த நாள் வந்தால் போக்கைப் பார்க்க உதவும். இன்றைய பேரத்துக்கு உதவாது. ஆகவே இலவசத் தரவு அடித்தளம். அதற்கு மேல் நாமும் கொஞ்சம் உழைப்பைப் போடவேண்டும். அந்த உழைப்புத்தான் மற்றவன் எளிதில் பார்த்தெழுத முடியாத நம் சரக்கு.

இரண்டாவது பாடம் மொழியும் சேர்க்கும் வழியும். புதுச்சேரியில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களின் இறுதியில் கிராமத் தகவல் நிலையங்களை அமைத்தது. வீராம்பட்டினம் என்ற மீனவர் ஊரில், அமெரிக்கக் கடற்படை இணையத்தில் வெளியிடும் அலை உயரத் தகவலை இறக்கி, தமிழில் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். தரவு எங்கோ உள்ள நாட்டினுடையது, இலவசம். தமிழும் ஒலிபெருக்கியும் சேர்ந்தபோதுதான் அது மீனவனின் உயிரைக் காக்கும் செய்தியாக மாறியது. செயலி என்றால் திரையில் படம் தெரியவேண்டும் என்று கட்டாயமில்லை.

நம் பகுதியில் என்ன செய்யலாம்?

என் மருமகன் செத்துப்போன செயலியை விட்டுவிட்டு, வேறுவிதமாக மறுபடி தொடங்கினான். இந்த முறை நான் பங்காளி. காலை ஐந்தரைக்கு வட்ஸ்அப்பில் ஒரு நிமிடக் குரல் பதிவு. தமிழில் ஒன்று, சிங்களத்தில் ஒன்று. முதலில் அரசாங்க அறிக்கையின்படி கடந்த சில நாட்களின் போக்கு, பின்னர் கெப்பட்டிபொலவிலும் தம்புள்ளையிலும் உள்ள தெரிந்தவர்களிடம் அன்று விடியற்காலையில் கேட்ட விலை. அவ்வளவுதான்.

கணக்கை ஒரு உதாரணமாகத் தருகிறேன். நாற்பது கடைக்காரர்கள் மாதம் 500 ரூபா கொடுத்தால் 20,000 ரூபா. விலை சொல்பவர்களுக்கு 5,000, தொலைபேசி, இணையச் செலவு 3,000. மிச்சம் 12,000. இது ஒரு குடும்பத்தைக் காப்பாற்றும் வருமானமல்ல. ஆனால் முதலும் போடவில்லை, கடனும் வாங்கவில்லை. இலட்சக் கணக்கில் செலவழித்துச் செயலி செய்வதற்கு முன்னர், காசு கொடுக்க ஆள் இருக்கிறதா என்று இப்படிப் பார்த்துவிடலாம். உண்மையான வருமானம் இதற்குப் பக்கத்தில் வருகிறது: தகவல் கேட்கும் ஆட்களை வைத்து லொறியில் இடம் சேர்க்கலாம். மூன்று பேருடைய சரக்கு ஒரே லொறியில் போனால் கூலி மூன்றாகப் பிரியும். சேர்த்து வைத்தவனுக்கும் ஒரு நியாயமான தரகு கிடைக்கும்.

மற்றத் துறைகளிலும் இடமுண்டு. பாடசாலைகள், வைத்தியசாலைகள், பிரதேச சபைகள் கோரும் விலைமனு அறிவித்தல்களைத் தினமும் பார்த்து, ஒவ்வொரு வர்த்தகருக்கும் பொருத்தமானதை மட்டும் தமிழில் அனுப்பலாம். ஹார்ட்வெயார் கடைக்காரருக்கு உணவு விநியோக அறிவித்தல் தேவையில்லை. அவருக்குச் சீமெந்தும் தகரமும் போதும். விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுப்பதற்குத் தனிக் கட்டணம். இறுதித் திகதி தவறி ஒரு விலைமனுவை இழந்த வர்த்தகர் இதற்குத் தயங்காமல் காசு கொடுப்பார். மிளகு, கிராம்பு வாங்குபவர்கள் வாராந்த விலைகளை ஒரு வருடத்துக்குச் சேர்த்து வரைபடமாக்கினால், எந்த மாதத்தில் இருப்பு வைப்பது, எப்போது விற்பது என்று யோசிக்கலாம்.

விற்கக் கூடாத தகவல்

ஒன்றை மட்டும் விற்பனைக்கு வைக்கக் கூடாது. அது உயிர் சம்பந்தப்பட்ட எச்சரிக்கை. நம் மலைகளைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் பார்த்தோம். 2023 மார்ச்சில் இதே பூனாகலையில் கபரகலைத் தோட்டத்தில் மண் சரிந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போது பதுளை மாவட்டம் பட்ட பாடு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

இருபத்துநான்கு மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பு, 100 மில்லிமீற்றரைத் தாண்டினால் எச்சரிக்கை, 150 ஐத் தாண்டினால் வெளியேற்றம் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அளவு வைத்திருக்கிறது. இந்தத் தகவலைக் காலை விலையோடு சேர்த்து, காசு கட்டியவர் கட்டாதவர் பாராமல் எல்லோருக்கும் அனுப்புகிறோம். அதிகாரிகளின் வார்த்தையை மாற்றாமல், வெளியிட்ட நேரத்தோடு அனுப்ப வேண்டும். நாமாக ஊகித்துச் சொல்லக் கூடாது. இதில் வருமானம் இல்லை. ஆனால் அடைமழை நாளில் உன் குரலை நம்பியவன், வெயில் நாளில் நீ சொல்லும் போஞ்சி விலையையும் நம்புவான்.

கைக்கொள்ள வேண்டியவை

ஒன்று, எந்த விலையையும் திகதி, இடம், எங்கிருந்து எடுத்தது என்பதோடு சொல்லுங்கள். தவறினால் அன்றே திருத்தம் அனுப்புங்கள். இரண்டு, ஒரே இணையத்தளத்தை மட்டும் நம்பியிருக்காதீர்கள். அது நாளைக்கு நிற்கலாம், அமைப்பு மாறலாம். மூன்று, வாடிக்கையாளரின் பெயரும் தொலைபேசி இலக்கமும் உங்களிடம் உள்ள அமானிதம். தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022 இல் 9 ஆம் இலக்கச் சட்டமும் வந்திருக்கிறது. இலக்கங்களை யாருக்கும் விற்காதீர்கள்.

நான்கு, தேவையான தகவலை அரசாங்கம் வெளியிடாவிட்டால் எழுதிக் கேளுங்கள். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் உள்ளது. எந்தப் பிரஜையும் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். தமிழிலேயே எழுதலாம். வர்த்தக சங்கங்கள் ஒன்றுசேர்ந்து, விலை அறிக்கைகளைத் தமிழிலும் தாருங்கள் என்று கேட்டால் இன்னும் நல்லது.

என் மனதில் இருந்த கணக்கு

கடைசியாக ஒன்றைச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை நேர்மையாக இராது. மருமகன் மறுபடி தொடங்கியபோது, குரல் பதிவை எனக்கு மரக்கறி விற்கும் தோட்டத்து மக்களுக்கும் அனுப்பலாம் என்றான். நான் உடனே மறுத்தேன்.

"அவர்களுக்கும் தம்புள்ளை விலை தெரிந்தால் நமக்கு என்ன மிச்சம்?" என்று கேட்டேன்.

அவன் ஒன்றும் பேசவில்லை. ஆனால் அன்றிரவு எனக்கு நிம்மதியாக இருக்கவில்லை. சரக்கோடு வரும் வணிகக் கூட்டத்தை ஊருக்கு வெளியிலேயே எதிர்கொண்டு, சந்தை விலை தெரியுமுன் வாங்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என்பதைச் சிறுவயதில் மத்ரஸாவில் படித்திருக்கிறேன். அப்படி விற்றவன் சந்தைக்கு வந்து விலையை அறிந்தால், விற்பனையை முறிக்க அவனுக்கு உரிமையும் உண்டு. நான் லொறியை எடுத்துக்கொண்டு லயத்து வாசலுக்கே போய் வாங்குகிறவன். என் இலாபத்தில் எவ்வளவு என் உழைப்புக்கு, எவ்வளவு அவர்களுடைய அறியாமைக்கு என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். பதில் சொல்ல வெட்கமாக இருந்தது.

அடுத்த வாரம் கடை வாசலில் ஒரு கரும்பலகை மாட்டினோம். தம்புள்ளை விலை, லொறிக் கூலி, கழிவு, என் பங்கு, நான் கொடுக்கும் விலை என்று வரிசையாக எழுதுகிறோம். முதல் மாதம் கிலோவுக்குக் கிடைத்த இலாபம் குறைந்தது உண்மை. சிலர் பேரமும் பேசினார்கள். ஆனால் வேறு வாகனங்களுக்குப் போய்க்கொண்டிருந்த மரக்கறி மெல்ல மெல்ல என் கடைக்கு வரத் தொடங்கியது. விலை இறங்கும் நாளில் அவர்களே பலகையைப் பார்த்துவிட்டு, "இன்றைக்குப் பறிக்கவில்லை முதலாளி, நாளை மறுநாள் பார்ப்போம்" என்கிறார்கள். முன்னர் அந்த நட்டத்தை நான் லொறியில் ஏற்றி தம்புள்ளைக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன்.

படித்த பிள்ளைகள் உள்ள வர்த்தகர்களுக்கு நான் சொல்வது இதுதான். பிள்ளையின் அறிவையும் உங்கள் சந்தை அனுபவத்தையும் ஒரே மேசையில் உட்கார வையுங்கள். செயலி பிறகு வரட்டும். முதலில் ஒரு கொப்பியை எடுத்து, எந்தத் தகவல் இல்லாததால் சென்ற வருடம் எத்தனை ரூபா இழந்தீர்கள் என்று எழுதுங்கள். உங்களைப் போல இன்னும் நாற்பது பேர் அதே நட்டத்தைப் பட்டிருந்தால், உங்கள் ஊரில் ஒரு தொழிலுக்கு இடமிருக்கிறது.